கதவோரத்து நாற்காலிகள்

கூட்டம் முடிவதற்கு முன் எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த வயதிலும் ஆகாது. பேச்சாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருப்பார். அதற்குள் வெளியே செருப்புத் தேடும் சத்தம் கேட்கும். எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணாமல் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எண்ணி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். இப்படி எண்ணிக்கொண்டே நான் கோட்டைவிட்ட நல்ல பேச்சுகள் நிறைய.

எங்கள் நூலகர் இதற்கு நேர் எதிர். எழுந்து போகிறவர்கள்தான் அவருக்கு முக்கியம். மேடையில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதைவிட, ஆறு மணிக்கு யார் யார் எழுந்தாக வேண்டும் என்றுதான் பார்ப்பார்.

எண்பதுகளில் தருமபுரிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் இருந்தது. சுற்றிலும் வேலிக்காத்தான் புதர். பாதி கட்டிய வகுப்பறைகளில் சாரம் கட்டியபடியே நின்றது. முழுதாகக் கட்டி முடிந்த ஒரே கட்டிடம் நூலகம்தான். மாடியில் நின்றால் வத்தல்மலை முழுவதும் தெரியும். நான் அங்கே தமிழ் விரிவுரையாளன். நூலக இலக்கிய மன்றத்தின் செயலாளரும் நானே. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துவோம். பேச்சு, கதை, பாட்டு, சில மாதம் கூத்து. ஊர்க்காரர்களும் வரலாம். எனக்கு வீடு நூலகத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நூலகத்தின் பின்கதவு. அதனால் பஸ் நேரம் எதுவும் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வந்ததில்லை.

மற்றவர்கள் அப்படி இல்லை. எங்கள் வாசலிலிருந்து கிளம்பும் கடைசி பஸ் ஆறு மணிக்கு. தருமபுரி வழியாகப் பாலக்கோடு போகும் வண்டி அது. அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் ஏறி, தருமபுரி ஸ்டாண்டில் இறங்கி மாறினால்தான் இரவு ரொம்ப ஏறுவதற்குள் ஊர் போய்ச்சேர முடியும். அதை விட்டால் புதர்க் காட்டைத் தாண்டி மெயின் ரோடு வரை நடந்து, நிற்காமல் பறக்கிற வெளியூர் வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளை வீட்டில் அப்புறம் கூட்டத்துக்கா விடுவார்கள், படிக்கவே விடமாட்டார்கள்.

நூலகர் ஓசூருக்கு அப்பாலிருந்து வந்த பெண்மணி. வீட்டில் கன்னடம். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருப்பார். எந்த வேலை முடிந்தாலும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை தட்டி, "ஆயித்து" என்பார். அலமாரியைப் பூட்டினாலும் ஆயித்து, ஒருவரோடு சண்டை போட்டு முடித்தாலும் ஆயித்து.

கூட்ட நாளில் வாசலில் நின்றுகொள்வார். வருகிறவர்களிடம் பெயர் கேட்க மாட்டார், துறை கேட்க மாட்டார். ஒரே கேள்விதான்.

"நீங்க எந்த பஸ்ஸுங்க?"

ஆறு மணி பஸ் என்றால் கதவோரத்து நாற்காலி. சைக்கிள், குவார்ட்டர்ஸ் என்றால் உள்ளே. "போறவங்க கதவோரம், இருக்கறவங்க உள்ள" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த துறைத்தலைவர் ஒருவரையும் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். "நான் காரில் வந்திருக்கிறேன் அம்மா" என்றார் அவர், விறைப்பாக. "அப்ப நீங்க எவ்வளவு உள்ள வேணும்னாலும் போலாங்க" என்று வழி விட்டார் நூலகர்.

கேள்வி நேரம் முன்னால் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை, பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது, பாலக்கோட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி கதவோரம் எழுந்து கை தூக்கினாள். பேச்சாளர் சிரித்த முகமாகச் சொன்னார்: "கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் அம்மா." அந்தப் பெண் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. தூக்கிய கையோடு சற்று நின்றாள். வெளியே கண்டக்டர் விசில் ஊதியதும் கையை இறக்கிக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை காலை நூலகர் என் அறைக்கு வந்தார்.

"சார், நம்ம கூட்டத்தைத் தலைகீழா நடத்தினா என்னாங்க?"

"தலைகீழான்னா?"

"கேள்வி மொதல்ல. பேச்சு அப்புறம்."

"பேசறதுக்கு முன்னாடி என்னத்த மேடம் கேப்பாங்க?"

"தலைப்பு தெரியுமில்லீங்களா? ஒரு வாரமா போர்டுல எழுதிப் போட்டிருக்கோம். ஒரு வாரம் அதைப் பாத்துக்கிட்டே போனவங்களுக்குக் கேக்கறதுக்கு ஒண்ணு இருக்காதா?"

"அப்ப நன்றியுரை?"

"அதுவும் மொதல்ல. பாதியில போறவங்களும் வந்தவங்கதானேங்க. அவங்களுக்கு யாரு நன்றி சொல்றது?"

"வரவேற்புரை?"

கொஞ்சம் யோசித்தார். "அதைக் கடைசியில வெச்சுக்கலாங்க. இருக்கறவங்க நாலு பேரை நீங்க நல்லா வரவேற்று அனுப்புங்க."

அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அப்படியேதான் நடந்தது. முதலில் நன்றியுரை, அப்புறம் கேள்வி நேரம், அப்புறம் பேச்சு. கடைசியில் நான் எழுந்து, முக்கால்வாசி காலியாகிவிட்ட கூடத்தைப் பார்த்து "வருக வருக" என்பேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேள்விகள் நன்றாக இருந்தன.

நாட்டுப்புறப் பாடல்களில் மழை என்று ஒருவர் பேச வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, முன்பு கை தூக்கிய அதே மாணவி எழுந்தாள். "எங்க ஊர்ல மழை ரொம்பக் கம்மிங்க ஐயா. ஆனா மழைப் பாட்டு மட்டும் அத்தனை இருக்குது. மழை நல்லா பெய்யிற ஊர்லயும் இவ்வளவு பாடுவாங்களா?" பேச்சாளர் கையிலிருந்த தாள்களை ஒருமுறை பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நான் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்வி அதில் இல்லை. இதற்குப் பதில் தேடிப் பார்ப்போம்" என்று ஆரம்பித்தவர், அன்று பேசியது போல நான் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆறு மணிக்கு அந்தப் பெண் எழுந்தபோது அவள் முகத்தில் அவசரம் இருந்தது, குறை இல்லை.

கூத்துக்காரர்கள் வந்தபோது நூலகர் இன்னும் ஒரு படி மேலே போனார். பாலக்கோட்டுப் பக்கத்துக் குழு. ராஜா கதை ஒன்றை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடுவதாக ஏற்பாடு. வேஷம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போய், "ராஜா சாவறதை மொதல்ல ஆடிடுங்க" என்றார். கூத்து வாத்தியார் அரிதாரக் கையோடு நிமிர்ந்தார்.

"என்னா மேடம் சொல்றீங்க? செத்தவன் எழுந்து வந்து அப்புறம் கட்டியங்காரன்கிட்ட 'மாதம் மும்மாரி பொழிகிறதா'ன்னு கேட்டா ஜனம் சிரிக்காதா?"

"பஸ்ஸுக்குப் போறவங்களுக்கு அவன் செத்துட்டாங்க. இருக்கறவங்களுக்கு அப்புறமாப் பொறக்கட்டும்."

"நாப்பது வருசமா ஆடறேன். ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்ல."

"நாப்பது வருசத்துல பாதியில எழுந்து போனவங்க யாரையாவது நீங்க கேட்டீங்களா, எங்கய்யா போறேன்னு?"

கூத்து வாத்தியார் கட்டியங்காரனைப் பார்த்தார். கட்டியங்காரன் தோளைக் குலுக்கினான். அன்று ஆறு அடிப்பதற்குள்ளேயே ராஜா செத்தார். கதவோரத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அவர்கள் போனதும் கட்டியங்காரன் பிணத்தைக் காலால் தட்டி, "எழுந்திருங்க மகாராஜா, பஸ் போயிடுச்சு" என்றான். கூடம் அதிர்ந்தது. கூத்து வாத்தியார் போகும்போது என்னிடம், "இந்தம்மாவை எங்கூருத் திருவிழாவுக்கு மட்டும் கூப்பிட்டுடாதீங்க சார்" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எல்லோரும் சிரிக்கவில்லை. சேலத்திலிருந்து புலவர் ஒருவரை அழைத்திருந்தோம். பெரிய பெயர். பிரயாணக் களைப்பு, காபி குடித்த சுகம். மேடையில் கண்ணை மூடியபடி இருந்தார். எங்கள் வழக்கத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நூலகர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார். ஒரு மாணவன் மைக்கில் போய், "இந்நிகழ்ச்சிக்கு வருகை தந்து சிறப்பித்த ஐயா அவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி" என்றதுதான் தாமதம், புலவர் கண் விழித்தார். கூட்டம் முடிந்ததாக நினைத்து எழுந்தார். சபையைப் பார்த்துக் கும்பிட்டார். சால்வையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கி, நேராகக் கதவை நோக்கி நடந்தார். கதவோரத்து நாற்காலிக்காரர்கள் மரியாதையாக எழுந்து வழிவிட்டார்கள். நூலகர் குறுக்கே வந்து, "ஐயா, நீங்க எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டார்.

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பைப் புலவர் மன்னிக்கவில்லை. திரும்பி வந்து பேசினார், நன்றாகவே பேசினார். ஆனால் ஊர் போனதும் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதிவிட்டார். கூட்ட மரபையே கேலிக்கூத்தாக்குகிறார்கள், வந்தவுடனே நன்றி சொல்லி விருந்தினரைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று. தலைமை வளாகத்திலிருந்து பதில் வந்தது: அடுத்த கூட்டத்துக்கு உயர் அதிகாரி ஒருவர் நேரில் வருவார், பார்ப்பார், நூலகத்தில் இனி இப்படிக் கூட்டம் நடக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்.

மன்றம் போய்விட்டால் ஊர்க்காரர்கள் நூலகத்துக்குள் கால் வைக்க வேறு வழியே இல்லை. நூலகரிடம் போய் நின்றேன்.

"ஒரே ஒரு தடவை மேடம். இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்புரை, கேள்வி, நன்றியுரைன்னு ஊர் உலகத்துல எப்படி நடக்குதோ அப்படி."

"சரிங்க" என்றார். உடனே ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். "நன்றியுரை நான் சொல்றேன். கடைசியில."

பிறகு, கேட்காமலேயே ஒன்று சொன்னார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். "நான் காலேஜ் படிக்கறப்ப ஒருத்தர் வந்து கதை சொன்னாருங்க சார். ஆத்துல வெள்ளம். அக்கரையில ஒரு பொண்ணு, கையில விளக்கு. இக்கரையில அவ அண்ணன், இறங்கலாமா வேண்டாமான்னு நிக்கறான். நான் பஸ்ஸுக்கு எழுந்துட்டேன். அவன் இறங்கினானா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"கதை சொன்னது யாருன்னு சொல்லுங்க மேடம். நான் விசாரிச்சு முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

"வேண்டாங்க. தெரிஞ்சுட்டா எனக்கு இந்தக் கோவம் போயிடும்."

அதிகாரி வந்த சனிக்கிழமை பரீட்சைக்கு முந்தைய வாரம். கூட்டம் வரவில்லை. நான் அறுபது நாற்காலி போட்டிருந்தேன், பாதிகூட நிரம்பவில்லை. முன்வரிசை பல் விழுந்த வாய் போல இருந்தது. ஐந்தேகாலுக்குப் பாலக்கோட்டு பஸ் வாசலில் வந்து நின்றது. டிரைவர் பாயும் கண்டக்டரும் வழக்கம்போல டீ குடித்துவிட்டு, கிளம்பும் நேரம் வரை பேப்பர் பார்க்க உள்ளே வந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"பாய், முன்னால வந்து உக்காருங்க."

"காக்கிச் சட்டையோடங்களா சார்?"

"அதனால என்ன. முன்வரிசை காலியா இருந்தா நல்லாருக்காது."

இருவரும் கூச்சத்தோடு அதிகாரிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள். நூலகர் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பாயை ஏன் சார் அங்க கூப்பிட்டீங்க? அவர் கதவோரம் சார்."

"ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடும் மேடம்."

முடியவில்லை. அதிகாரி நூலகமும் நாட்டு முன்னேற்றமும் என்று ஆரம்பித்து ஐந்தே முக்கால்வரை உலக நாடுகளிலேயே இருந்தார். ஐந்து ஐம்பதுக்குத்தான் இந்தியாவுக்கு வந்தார். ஆறு மணிக்கு டிரைவர் பாய் பாதி எழுந்தார். அதிகாரி அவரை நேராகப் பார்த்து, "உங்களுக்குத்தான் சொல்கிறேன்" என்றார், ஏதோ ஒரு கருத்தை அழுத்துவதற்காக. பாய் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோய்த் திரும்பப் பைக்குள் போட்டார்.

அந்த பஸ்ஸில் மாணவர்கள் மட்டும் போவதில்லை. எங்கள் வளாகத்தில் கட்டிட வேலை செய்த கொத்தனார்களும் சித்தாள் பெண்களும் அதில்தான் வீடு திரும்புவார்கள். அவர்கள் வண்டியில் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரோ ஹாரனை அடித்தார்கள். அதிகாரி புன்னகைத்து, "வெளியே எத்தனை சத்தம் இருந்தாலும் அறிவின் குரல் கேட்கத்தான் செய்யும்" என்றார். சற்று நேரத்தில் முதல் கொத்தனார் கதவில் எட்டிப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் தூக்குப்போணியோடு பெண்கள். சிமெண்டுக் காலோடு உள்ளே வரத் தயங்கி, பிறகு வந்தே விட்டார்கள். ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்று டிரைவர் பாயைத் தேடினார்கள்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "பாருங்கள்! உழைக்கும் மக்கள் நூலகத்தைத் தேடி வருகிறார்கள்!" என்று கையை விரித்தார். "இவர்களுக்காக இன்னும் சில செய்திகளைச் சொல்லத்தான் வேண்டும்."

நான் எண்ணினேன். கால் வலித்தவர்கள் உட்கார உட்கார நாற்காலிகள் நிரம்பிவிட்டன. சுவரோரம் வேறு ஒரு வரிசை. இந்தக் கூடத்தில் இப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. இனிமேல் மன்றத்தை யாராலும் அசைக்க முடியாது என்று எனக்குப் பட்டது. அப்போது ஒரு சித்தாள் பெண் நூலகரின் முந்தானையைத் தொட்டாள்.

"மேடம், இந்த ஐயா எப்ப வுடுவாரு? வூட்டுல பால் குடிக்கிற புள்ள கெடக்குது. மாரு கட்டிக்கிச்சு எனக்கு."

நூலகர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"இன்னும் கால் மணி நேரம் மேடம். அவர் சந்தோஷமா இருக்கார். மன்றம் தப்பிச்சுடுச்சு."

"தப்பிச்சு என்னாங்க பண்றது?" என்று கேட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடையேறினார். அவர் ஏதோ துண்டுச் சீட்டுக் கொடுக்க வருகிறார் என்று நினைத்து அதிகாரி தள்ளி நின்றார். நூலகர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சிறப்புரை ஆற்றிய ஐயா அவர்களுக்கு நன்றி. வண்டியை எடுக்க முடியாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் பாய்க்கும் கண்டக்டருக்கும் நன்றி. பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்து, பிறகு இங்கே வந்து நிற்கும் கட்டிட வேலைக்காரர்களுக்கு நன்றி. வீட்டில் இவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது."

இரண்டு உள்ளங்கைகளையும் தட்டினார். மைக்கில் அது வெடி போலக் கேட்டது. "ஆயித்து."

நான் எண்ணிச் சேர்த்து வைத்திருந்த கூட்டம் ஒரே மூச்சில் கதவு வழியாக வெளியே போயிற்று. டிரைவர் பாய்தான் முதலில். அதிகாரி கைவிரித்த நிலையிலேயே நின்று காலி நாற்காலிகளைப் பார்த்தார். வெளியே வண்டி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. காரில் ஏறும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அவங்க எல்லாம் பஸ்ஸுக்கு வந்தவங்களா?"

"ஆமாங்க ஐயா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. நூலகக் கட்டிடத்தில் இனி வாசிப்பு மட்டுமே. கூட்டங்களுக்கு அனுமதி இல்லை.

"எல்லாம் போச்சு மேடம்" என்றேன்.

"யாரு போனாங்க? எல்லாரும் பஸ் புடிச்சுட்டாங்களே" என்றார், உத்தரவைப் படித்துக்கொண்டே. படித்து முடித்து, ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். ஐந்தேகால் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. அத்தனை சீட்டும் காலி. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தில் வழக்கம்போல எழுதியிருந்தது. தலைப்பு இருந்தது, பேசுகிறவர் பெயர் இருந்தது. கீழே, இடம்: கடைசி பஸ்.

நான் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். டிரைவர் பாய் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இதெல்லாம் சரிப்படுமா? உங்களுக்கு ஒண்ணும் வந்துடாதே?"

"முக்கா மணி நேரம் வண்டி சும்மாதானே சார் நிக்குது. உக்காந்து பேசினா டீசலா செலவாவுது? அதோட," என்று குரலைத் தாழ்த்தினார், "அன்னிக்கி முன்வரிசையில நான் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை சார். இங்க எனக்கு எஞ்சீட்டு இருக்குது."

அந்தச் சனிக்கிழமை பஸ் நிரம்பிவிட்டது. மாணவிகள், ஊர்க்காரர்கள், மடியில் தூக்குப்போணியோடு சித்தாள் பெண்கள். குழந்தையை வீட்டில் விட்டு வந்த அந்தப் பெண்ணும் ஜன்னலோரம் இருந்தாள். கதை சொல்ல வந்தவர் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குவார்ட்டர்ஸ்காரர்கள் நாங்கள் மூன்று பேர். உள்ளே போகப் பார்த்தேன். நூலகர் படியருகே கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க எந்த பஸ்ஸுங்க சார்?"

"என்ன மேடம் விளையாடறீங்க? எனக்கு வீடு இங்கேயே."

"அப்ப நீங்க ஆறு மணிக்கு எறங்கிடுவீங்க. கதவோரம் உக்காருங்க." பிறகு வண்டிக்குள் திரும்பிப் பொதுவாகச் சொன்னார்: "இனிமே கேள்வி கடைசியிலயே இருக்கட்டும். தருமபுரி போறதுக்குள்ள கேட்டுக்கலாம், பாலக்கோடு போறதுக்குள்ள கேட்டுக்கலாம். குவார்ட்டர்ஸ்காரங்க மட்டும் ஏதாவது கேக்கறதுன்னா மொதல்லயே கேட்டுடுங்க. பாவம், சீக்கிரம் போவணும்."

பஸ் முழுவதும் சிரித்தது. நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

கதை நன்றாக இருந்தது. மாட்டைத் தொலைத்த ஒருவன் வத்தல்மலை ஏறித் தேடுகிறான். மூன்று திசையிலும் அதன் மணிச்சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் எங்கும் இல்லை. களைத்துப்போய் வீடு திரும்புகிறான். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அதே மணிச்சத்தம். பூட்டில் கை வைக்கிறான். கண்டக்டர் விசில் ஊதினார்.

"எறங்கறவங்க எறங்குங்க சார், டைமாயிருச்சு!"

நான் இறங்கினேன். வண்டி நகர்ந்தது. ஜன்னல்களில் நூலகர் முகம் உட்பட அத்தனை முகங்களும் முன்பக்கமே திரும்பியிருந்தன, ஒரு முகம்கூட என்னைப் பார்க்கவில்லை. கதை சொன்னவரின் குரல் வண்டியோடு போய், சின்னதாகி, புழுதிக்குள் மறைந்தது. அந்த மனிதன் கதவைத் திறந்தானா, உள்ளே என்ன இருந்தது? திங்கட்கிழமை நூலகரிடம் கேட்டேன். அவர் புத்தக அட்டையைத் துடைத்துக்கொண்டே, "நீங்கதான் பாதியில எழுந்து போயிட்டீங்களே சார்" என்றார். அந்தக் கதை எங்காவது அச்சில் வந்திருக்குமா என்று பிறகு எவ்வளவோ தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டச் சனிக்கிழமை நான் ஒரு பையில் வேட்டி, துண்டு, பல்பொடி எடுத்து வைத்தேன். பாலக்கோட்டில் என் மைத்துனன் இருந்தான், இரவு அங்கே தங்கிக்கொள்ளலாம். "அங்க என்ன விசேஷம்?" என்று வீட்டில் கேட்டார்கள். "ஒரு கதை கேக்கணும்" என்றேன். ஐந்தேகாலுக்கு வாசலுக்குப் போனேன். கண்டக்டரிடம் காசை நீட்டி, "பாலக்கோடு ஒண்ணு" என்றேன்.

நூலகர் படியருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். அன்று எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை.

"கதவோரம் வேண்டாம் சார்" என்றார். "உள்ள தள்ளி உக்காருங்க."